சானல் (பாசனக் கால்வாய்) கரையில பழகி மார்லெட் ஏரிப் பாதையில சைக்கிள் ஓட்ட முடியுமா?

தக்கலை_டீச்சர் | பிப்ரவரி 16, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க வந்து படிச்சுட்டுப் போவேன். இண்ணைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன்.

வயசு 46. பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்குறேன். ஒன்றரை வருசம் முன்ன ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். 27.5 அங்குலச் சக்கரம், முன்னால மட்டும் ஷாக். விடியக்காலம் தக்கலையில இருந்து குமாரகோவில், வில்லுக்குறி வரைக்கும் போயிட்டு வருவேன். ஞாயித்துக்கிழமைன்னா 30 கிலோமீட்டர். எல்லாம் தார் ரோடுதான்.

எந்தங்கச்சி அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல ரெனோ பக்கம் இருக்கா. வார மே மாசம் லீவுக்கு அவ வீட்டுக்குப் போறேன். அங்க டாகோ ஏரிக்கு மேல, மலையில மார்லெட்னு ஒரு ஏரி உண்டாம். ஸ்பூனர் ஏரியில இருந்து ஏறி, மார்லெட் ஏரிக் கரையைச் சுத்தி, பொறவு 'ஃப்ளூம் பாதை'ன்னு ஒரு ஒத்தையடிப் பாதையில போய் இறங்கணும். மொத்தம் 14 மைல், போனா போனதுதான், அதே வழியில திரும்ப வேண்டாம். 'நடுத்தரம்'னு போட்டிருக்காங்க. அவ போட்டோ அனுப்பினதுல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழ நீலமா ஏரி, நடுவுல ஒரு முழம் ரெண்டு முழம் அகலத்துல பாதை.

ஆசை அவ்வளவு இருக்கு, பயமும் அதே அளவு. நம்ம மாவட்டத்துல இருந்துக்கிட்டு இதுக்குப் பழக முடியுமா? எங்க, எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ரெனோ_குமரி | பிப்ரவரி 17, காலை 7:32

டீச்சர், நானும் நாகர்கோவில்காரன்தான், இங்க வந்து 11 வருசம் ஆச்சு. அந்தப் பாதையில நாலு தடவை போயிருக்கேன். முதல்ல ஒரு ஏமாற்றமான விசயத்தைச் சொல்லிடுறேன். மே மாசம் நடக்காது. மார்லெட் ஏரி கடல் மட்டத்துல இருந்து 7,823 அடி உயரம். மே மாசத்துலயும் பாதையில பனி கிடக்கும். பெரும்பாலும் ஜூன் கடைசி ஆகணும், பனி அதிகம் பெய்ஞ்ச வருசம்னா இன்னும் தள்ளும். அக்டோபர் தாண்டினா மறுபடி பனி.

உங்களால தேதியை மாத்த முடிஞ்சா செப்டம்பர் கடைசிக்கு மாத்துங்க. ஸ்பூனர்ல இருந்து ஏறுற பள்ளத்தாக்கு முழுக்க ஆஸ்பென் மரம். அந்த நேரம் இலை எல்லாம் மஞ்சள் பூத்த மாதிரி நிக்கும். கூட்டமும் குறைவு.

ஏத்தம் சுமார் 5 மைல், உயரக் கணக்குல ஆயிரம் அடிக்கு மேல வரும். மூச்சு வாங்குற இடம் அதுதான். ஏரியைத் தாண்டின பிறகு ஃப்ளூம் பாதை 4.5 மைல். அதுல ஏத்தம் இறக்கம் ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா டாகோ ஏரி உங்க இடது கைப்பக்கம் 1,500 அடிக்குக் கீழ தெரியும். கடைசி 3 மைல் டனல் கிரீக் இறக்கம், பொடிமணல். விழுறவங்க அதிகம் விழுறது அங்கதான், பயமுறுத்துற பாதையில இல்ல.

---

தக்கலை_டீச்சர் | பிப்ரவரி 17, இரவு 8:45

நல்ல காலம் டிக்கெட் போடல தம்பி. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில வருமே, கூட கொஞ்ச நாள் லீவு சொல்லிப் பாக்குறேன். ஒரு சந்தேகம். அவ்வளவு உயரமான மலைச் சரிவுல பாதை எப்படி ஏத்தம் இறக்கம் இல்லாம இருக்கும்?

---

ரெனோ_குமரி | பிப்ரவரி 18, காலை 6:58

அது சைக்கிளுக்காக வெட்டின பாதை இல்ல, தண்ணிக்காக வெட்டினது. அதான் காரணம்.

1859-ல மலைக்கு அந்தப்பக்கம் வர்ஜீனியா சிட்டியில வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிச்சாங்க. ஊர் பெருத்துப் போச்சு, குடிக்கத் தண்ணி இல்ல. 1873-ல இந்த மலையில இருந்து இரும்புக் குழாய் வச்சு, நடுவுல இருந்த பள்ளத்தாக்குக்குக் கீழ இறக்கி, மறுபடி மேல ஏத்தித் தண்ணி கொண்டு போனாங்க. குழாய் மட்டும் சுமார் 7 மைல். பிறகு அது போதாம மார்லெட் ஏரித் தண்ணியையும் எடுக்க, மலைச்சரிவை ஒட்டிப் பலகையில தொட்டி மாதிரி வாய்க்கால் அடிச்சாங்க. அதுக்குத்தான் ஃப்ளூம்னு பேரு. அது வடக்க போய், மலையைக் குடைஞ்ச ஒரு சுரங்கம் வழியா அந்தப்பக்கம் விழும். டனல் கிரீக்ங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதான். பலகை எல்லாம் போயிடுச்சு, அது இருந்த தடம் மட்டும் மிச்சம். அந்தத் தடத்துலதான் இப்ப சைக்கிள் போகுது.

---

சானல்கரை | பிப்ரவரி 18, காலை 11:20

டீச்சர், ரெனோ தம்பி சொன்னதை இன்னொரு தடவை படியுங்க. இது சானல் கரையில்லா!

நமக்குப் பேச்சிப்பாறையில இருந்து வார தண்ணி எப்படி தோவாளை வரைக்கும் போகுது? ஆயிரம் அடி தூரம் போனா ஓரடி இறங்கினாலே அதிகம். குன்று வந்தா சுத்திக்கிட்டு வளையும், பள்ளம் வந்தா பாலம் கட்டித் தாண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்துல நிக்குறது எதுக்கு? தண்ணி தன் மட்டத்தை விட்டுடக் கூடாதுன்னுதான். அவன் பள்ளத்தாக்குக்குக் கீழ குழாயில தள்ளிக் கொண்டு போனான், நம்ம ஆளு 1966-ல மேல தொட்டி கட்டிக் கொண்டு போனான். கணக்கு ஒண்ணுதான்.

அதனால நீங்க பழக வேண்டிய இடம் உங்க வீட்டுக்குப் பக்கத்துலேயே இருக்கு. பத்மநாபபுரம் புத்தனாறு சானல் கரையில எங்கெல்லாம் இன்னும் மண் பாதை கிடக்கோ அங்கெல்லாம் போங்க. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சரிவு, நடுவுல ஒத்தத் தடம். ஃப்ளூம் பாதையை அச்சுல வார்த்த மாதிரி. ஆனா ஒரு விசயம், பிப்ரவரி கடைசியோட அணையை அடைப்பாங்க. மார்ச்ல இருந்து மே வரைக்கும் சானல் காஞ்சு கிடக்கும், விழுந்தா கல்லுல விழுவீங்க. ஜூன்ல கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்குத் தண்ணி விட்ட பிறகு விழுந்தா தண்ணி. ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டுப் பைய ஓட்டுங்க.

நான் 30 வருசமா வயலுக்குப் போறது இப்படித்தான். உரமூட்டை வச்சுக்கிட்டே போவேன். கண்ணு எங்க போகுதோ சக்கரம் அங்க போகும். தண்ணியைப் பாத்தா தண்ணிக்குள்ள போகும். பத்து பன்னிரண்டு அடி தள்ளி, தடத்தை மட்டும் பாக்கணும்.

---

மலையேறி | பிப்ரவரி 18, மாலை 5:03

சானல் கரை எல்லாம் போதாது அக்கா. நடுத்தரப் பாதைன்னா மலைக்காட்டுல ஓட்டணும். மேல் கோதையாறு போங்க, முத்துக்குழிவயல் வரைக்கும். இல்லைன்னா பேச்சிப்பாறை அணையையே ஒரு சுத்து சுத்துங்க. நம்ம ஊர் ஆல்ப்ஸ் ஏரி அதுதான். பத்துப் பேர் சேர்ந்தா நானே கூட்டிட்டுப் போறேன்.

---

குலசேகரம்_ரப்பர் | பிப்ரவரி 18, இரவு 10:14

தம்பி, இதை இப்படி எழுதி வைக்காதே. படிச்சுட்டு யாராவது கிளம்பிடுவான்.

நான் பிறந்து வளர்ந்தது பேச்சிப்பாறை பக்கம். அணையைச் சுத்தி வர வழியே கிடையாது. தண்ணி கையை விரிச்ச மாதிரி காட்டுக்குள்ள ஓடை ஓடையா நீண்டு கிடக்கு. தச்சமலை, தோட்டமலைக் காணிக்காரங்களுக்கே (மலைவாழ் மக்கள்) வள்ளம் பிடிச்சாத்தான் இந்தக் கரை. 2008-ல இருந்து அந்தக் காடு வன உயிரினச் சரணாலயம். மேல் கோதையாறுக்கு அனுமதி இல்லாம சோதனைச் சாவடி தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. ஆனை நிக்குற இடம் அது. சத்தமில்லாம வளைவுல திரும்புற சைக்கிளை ஆனை எதிர்பார்க்காது, ஆனையை நீயும் எதிர்பார்க்க மாட்டே.

ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓட்டலாம், நல்ல பயிற்சி. ஆனா அதுலயும் முறை உண்டு. தோட்டக்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. விடியக்காலம் வேண்டாம், பால்வெட்டு நடக்குற நேரம். தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடுறவங்க, பொறவு பால் வாளியோட சரிவுல இறங்குறவங்க. அவங்க கால் இடறினா ஒரு காலைப் பொழுதுக் கூலி மண்ணுல போகும். எதிர்ல ஆள் வந்தா நீங்க இறங்கி நிக்கணும், அவங்க இல்ல. மதியத்துக்கு மேல போங்க. மழைக்காலம்னா அட்டை உண்டு. உப்பும் புகையிலையும் துணியில கிழி கட்டிக் கையில வச்சுக்குங்க.

---

மலையேறி | பிப்ரவரி 19, காலை 8:40

சரி அண்ணே. சுத்துப் பாதை இருக்குன்னு ஒருத்தன் சொன்னதை நம்பிச் சொல்லிட்டேன். நான் மேல் கோதையாறு போனதும் பஸ்லதான். மேல எழுதினதை அழிக்கல, உங்க பதிலும் சேர்ந்து கிடக்கட்டும்.

---

ரெனோ_குமரி | பிப்ரவரி 19, காலை 9:15

இங்கயும் அதே முறைதான். நடக்குறவங்களுக்கு சைக்கிள்காரர் வழிவிடணும்னு பாதை தொடங்குற இடத்துலயே பலகை இருக்கும். கரடியும் உண்டு. பேசிக்கிட்டே போனா அதுவே விலகிப் போயிடும்.

---

பூதப்பாண்டி_பொண்ணு | பிப்ரவரி 21, மதியம் 1:30

சானல் கரைன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒரு விசயம் சொல்லணும், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

சானல்ல தண்ணி வந்துட்டா படித்துறை எங்க குளியலறை. காலம்பற ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும், சாயந்தரமும் பொம்பளைங்க குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். போன வருசம் ஒரு கூட்டம் தலையில கேமரா வச்ச ஹெல்மெட்டோட வரிசையா வந்தாங்க. எங்க சித்தி அப்படியே தண்ணிக்குள்ள கழுத்து வரைக்கும் உக்காந்துட்டா, அவங்க போய் முடியிற வரைக்கும். அதுல ஒருத்தர் நின்னு செல்ஃபி வேற எடுத்தார். அந்தப் படத்துல யார் யாரெல்லாம் விழுந்திருக்கோம்னு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது.

டீச்சர், நீங்க வாங்க, உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆம்பளைங்க வாறதா இருந்தா படித்துறைக்கு நூறு அடிக்கு முன்னமே பெல் அடிங்க, நின்னு குரல் குடுங்க. கேமராவை அணைச்சுடுங்க.

---

சானல்கரை | பிப்ரவரி 21, மாலை 6:12

மகளே, நீ சொன்னது நூத்துக்கு நூறு. நாங்க அந்தக் காலத்துலேயே படித்துறை வந்தா இறங்கி, வயக்காட்டு வரப்புல சுத்திப் போறதுதான் வழக்கம். ஹெல்மெட் போட்டா அது மறந்து போகக் கூடாது.

---

தக்கலை_டீச்சர் | பிப்ரவரி 22, இரவு 10:40

சானல் கரை அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு அப்பா நினைப்பாவே இருக்கு. அப்பா அரசு வேலைதான், சானல்ல லஸ்கர். மடை திறக்குறது, அடைக்கிறது, உடைப்பு இருக்கான்னு பாத்துட்டு வாறது. கறுப்பு சைக்கிள், பின் கேரியர்ல மண்வெட்டி கட்டியிருக்கும். மழை ராத்திரியில டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் ஹேண்டில் பாரைப் பிடிச்சு, கரை மேல போவாங்க. நான் வீட்டு வாசல்ல நின்னு அந்த வெளிச்சம் வளைவு திரும்புற வரைக்கும் பாத்துட்டு நிப்பேன். எனக்கு அப்ப ஏழு எட்டு வயசு.

அப்பா எனக்கு சைக்கிள் பழக்கித் தரல. அண்ணனுக்குத்தான் பழக்கினாங்க. கேக்கணும்னும் எனக்குத் தோணல.

ரெனோ தம்பி, அந்தப் பலகை வாய்க்காலுக்கும் இப்படிக் காவல் ஆள் உண்டா?

---

ரெனோ_குமரி | பிப்ரவரி 23, காலை 7:05

உண்டு டீச்சர். அந்தக் காலத்துல ஃப்ளூம் காவலுக்குன்னே ஆள் வச்சிருந்தாங்க. வாய்க்கால் ஓரத்துலயே குடிசை போட்டுத் தங்கி, ஒழுகுற பலகையை அடைக்கிறது, விழுந்த கிளையை எடுக்குறது. லஸ்கர் வேலையேதான்.

---

வடசேரி_சைக்கிள்கடை | பிப்ரவரி 23, இரவு 9:50

சைக்கிள் விசயத்துக்கு வாறேன்.

டீச்சர், அங்க வாடகைக்குத்தான் எடுப்பீங்க. ஏறி உக்காருறதுக்கு முன்னால பிரேக்கைப் பாருங்க. நம்ம ஊருல சைக்கிள்னாலும் பைக்னாலும் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. அமெரிக்காவுல மாறி இருக்கும், வலது கை பின் சக்கரம், இடது கை முன் சக்கரம். சாதாரணமா ஓட்டும்போது தெரியாது. பதட்டத்துல கை பழகினதைத்தான் பிடிக்கும். இறக்கத்துல பின் பிரேக்னு நினைச்சு இடது கையை இறுக்கினா முன் சக்கரம் நின்னு, ஆள் ஹேண்டில் பாருக்கு மேல போவாங்க. கடைக்காரங்க கிட்டச் சொன்னா மாத்திக் குடுப்பாங்க. இல்லைன்னா இப்பமே என் கடைக்கு வாங்க, உங்க சைக்கிள்ல மாத்தி விடுறேன். ஆறு மாசம் அப்படியே ஓட்டிப் பழகிட்டா கை தானா மாறிடும்.

அடுத்தது காத்து. டயர்ல கல்லு மாதிரி காத்து வச்சிருப்பீங்க, தார் ரோட்டுப் பழக்கம். மண் பாதைக்கு டயர் கொஞ்சம் அமுங்கணும், அப்பத்தான் மண்ணைப் பிடிக்கும். உங்க எடைக்கு, டியூப் உள்ள 2.2 அங்குல டயருக்கு 30 பிஎஸ்ஐ போதும். டியூப்லெஸ்னா 25-க்கு இறக்கலாம். டியூப் உள்ள டயர்ல அதுக்கும் கீழ போகாதீங்க. கல்லுல மோதினா டியூப் ரிம்முல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

சீட்டு உயரம் ஏத்தத்துக்கு ஒண்ணு, இறக்கத்துக்கு ஒண்ணு. இறங்கும்போது ரெண்டு அங்குலம் தாழ்த்துங்க. பெடல் ரெண்டும் சம மட்டத்துல இருக்கணும், உடம்பு சீட்டுல இல்லாம காலுல நிக்கணும், முழங்கை மடங்கியிருக்கணும். பிரேக்ல ஒத்தை விரல் போதும், மத்த விரலெல்லாம் ஹேண்டில் பாருக்கு. கையை விறைச்சுப் பிடிச்சா ஒவ்வொரு கல்லும் தோள்பட்டைக்கு ஏறும்.

---

சானல்கரை | பிப்ரவரி 24, காலை 6:25

இன்னொரு பாடம், செலவில்லாதது. ஸ்லோ சைக்கிள் ரேஸ்.

பொங்கலுக்கு, மன்ற ஆண்டு விழாவுக்கு நம்ம ஊருல நடத்துவாங்களே, கடைசியா வாறவன்தான் ஜெயிச்சவன், கால் ஊணினா அவுட். அந்த வித்தை தெரிஞ்சவனுக்குக் குறுகின தடத்துல பயமே வராது. வேகமா போனா எவனும் நேரா போவான், நிக்குற வேகத்துல நேரா போறதுதான் கஷ்டம். பள்ளிக்கூட மைதானத்துல தென்னை மட்டையை ரெண்டு வரிசையா போடுங்க, நடுவுல ஓரடி விடுங்க. மட்டையில படாம, முப்பது அடி தூரத்தை எவ்வளவு நேரம் இழுக்க முடியுதுன்னு பாருங்க.

---

ஆசாரிபள்ளம்_அக்கா | பிப்ரவரி 26, இரவு 11:02

நான் நர்ஸ். ஒரே ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன்.

நாம கடல் மட்டத்து ஆளுங்க. 7,800 அடியில காத்தழுத்தம் இங்க இருக்குறதுல முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். எவ்வளவு பழகினாலும் உடம்புக்கு அது புதுசு. போன மறுநாளே மலைக்குப் போகாதீங்க. ரெனோ 4,500 அடியில இருக்குன்னு பாத்தேன், தங்கச்சி வீட்டுல நாலஞ்சு நாள் இருந்துட்டுப் போங்க. ஏத்தத்துல ஒரு வாக்கியம் முழுசா பேச முடியிற வேகத்துல மட்டும் மிதிங்க. பேச்சு அறுந்தா இறங்கித் தள்ளுங்க. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தா அதுக்கு மேல ஏறாதீங்க, திரும்பி இறங்கிடுங்க. இறங்குறதுதான் முதல் மருந்து. பிரஷர் மாத்திரை எடுக்குறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்ன டாக்டர் கிட்டச் சொல்லுங்க. அங்க காத்து வறட்சி, வேர்வை தெரியாம காஞ்சுடும். தாகம் எடுக்கும்னு காத்திருக்காமக் குடிச்சுக்கிட்டே இருங்க.

---

தக்கலை_டீச்சர் | ஏப்ரல் 27, இரவு 8:20

லீவு கிடைச்சது. செப்டம்பர் 24 கிளம்புறேன்.

இதுவரைக்கும் நடந்தது. பிரேக்கை மாத்திட்டேன். முதல் வாரம் ரெண்டு தடவை ஆட்டோ பின்னால போய் நின்னு வெப்ராளப்பட்டேன், இப்ப பழகிட்டு. தென்னை மட்டைப் பாடத்துல முப்பது அடிக்கு 41 வினாடி. என் ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க கடிகாரம் பாக்குறாங்க. ஒரு பையன் 58 இழுத்துட்டான், அவன் கிட்ட நான்தான் பாடம் கேக்குறேன்.

ஏத்தத்துக்கு வாரம் ஒரு நாள் தடிக்காரன்கோணம் போய், அங்க இருந்து கீரிப்பாறை வரைக்கும். முதல் நாள் மூணு இடத்துல இறங்கினேன். கியரைக் கடைசி நேரத்துல மாத்துறதுதான் என் தப்புன்னு புரிஞ்சது. ஏத்தம் காலுக்குத் தெரியிறதுக்கு முன்னமே, கண்ணுக்குத் தெரியும்போதே இறக்கிடணும். மிதிக்கிற பாரத்துல மாத்தினா செயின் கறகறன்னு பல்லைக் கடிக்குது. சீட்டு நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தினா முன் சக்கரம் தூக்குறது நிக்குது.

---

ரெனோ_குமரி | ஏப்ரல் 28, காலை 7:11

மணலை மறந்துடாதீங்க. டனல் கிரீக் இறக்கத்துல கருங்கல் பொடிஞ்ச மணல், சோளமணி மாதிரி உருளும்.

---

வடசேரி_சைக்கிள்கடை | ஏப்ரல் 28, காலை 10:30

மணலுக்குச் சொத்தவிளை பின்பக்கம் போங்க, பனைமரத்து ஊடே போற மணல் வழி. தண்ணி ஓரம் வேண்டாம், உப்பு செயினைத் தின்னுடும். மணல் கண்ணுல பட்டதும் லேசான கியர், எடை பின்னால, ஹேண்டில் பாரைத் திருகக் கூடாது, முன் பிரேக்கைத் தொடவே கூடாது. சக்கரம் கொஞ்சம் அலையும், அலைய விடுங்க. மிதிக்கிறதை நிறுத்தினா அங்கேயே புதைஞ்சுடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவி, துடைச்சு, எண்ணெய் விடுங்க.

---

தக்கலை_டீச்சர் | ஜூலை 13, மாலை 4:50

இண்ணைக்கு சானலுக்குள்ள விழுந்தேன்.

மழை விட்டு வெயில் அடிச்ச நேரம். கரையில ஒரு இடத்துல மண் இடிஞ்சு, தடம் ஒரு முழம்தான் இருக்கு. நாலு தடவை போன இடம்தான். எதிர்க்கரையில கொக்கு ஒண்ணு, ஒத்தைக் காலுல நிக்குது. அதைப் பாத்தேன். அவ்வளவுதான், ரெண்டு வினாடி இருக்காது. முன் சக்கரம் கொக்கைப் பாத்து ஒரு சாண் திரும்பிட்டு. புல்லு வழுக்க, நான் முதல்ல, சைக்கிள் என் மேல. இடுப்பளவு தண்ணி, நல்ல இழுப்பு. களை பறிச்சுட்டு இருந்த ரெண்டு அக்காமார் ஓடி வந்து, ஒருத்தர் என் கையையும் ஒருத்தர் டயரையும் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க. முழங்கையில தோல் உரிஞ்சது, பெடல் ஒண்ணு வளைஞ்சது.

சானல் கரை அண்ணன் பிப்ரவரியில எழுதினதை இப்ப உடம்பு படிச்சிருக்கு. ஈரத்துணியோட அந்த இடத்துக்குத் திரும்பப் போய், இன்னும் மூணு தடவை ஓட்டிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

---

பூதப்பாண்டி_பொண்ணு | ஜூலை 13, இரவு 7:15

டீச்சர், சானல் தண்ணி குடிச்சிருந்தா காய்ச்சல் வருதான்னு பாருங்க. முழங்கையை சோப்பு போட்டுக் கழுவி ஊசி போட்டுக்குங்க. அந்த அக்காமாருக்கு என் நன்றி.

---

தக்கலை_டீச்சர் | அக்டோபர் 12, இரவு 9:35

வந்து சேர்ந்துட்டேன். போனேன், ஓட்டினேன். எல்லாம் எழுதணும், கொஞ்சம் நீளமாப் போகும்.

தங்கச்சி வீட்டுல ஆறு நாள் இருந்து பிறகுதான் போனோம். சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம், கடைப்பேரு வேண்டாம். பிரேக் எந்தக் கைக்குன்னு பாத்தேன், வடசேரி அண்ணன் சொன்னபடியே இருந்தது, மாத்த வேண்டியிருக்கல. ஆனா காத்தைப் பாக்காம விட்டுட்டேன்.

காலை எட்டரைக்கு ஸ்பூனர்ல ஏறினோம், நானும் தங்கச்சி மாப்பிள்ளையும். குளிர்ல காது வலிச்சது. முதல் அரை மைல்லேயே மூச்சு எங்க ஊர் மூச்சா இல்ல, ஒரு ஓரம் கிழிஞ்ச பை மாதிரி நிறையவே மாட்டேங்குது. நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே மிதிச்சேன். பதினாறாம் வாய்ப்பாடு அறுந்தா இறங்கித் தள்ளினேன். நாலு இடத்துல தள்ளினேன். ரெண்டு பக்கமும் ஆஸ்பென், வெள்ளை மரம், அதுல கறுப்பா கண்ணு கண்ணா வடு. மஞ்சள் இலை காத்து இல்லாதப்பவும் ஆடுது. ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு மேட்டைத் தொட.

மார்லெட் ஏரிக் கரையில இறங்கிக் கையை நனைச்சேன். டாகோவைப் பாத்தா சின்ன ஏரிதான், சுத்திலும் பைன் மரம், அடிக்கல்லு வரைக்கும் தெரியிற தண்ணி. ஏரியோட வாய்ல ஒரு சின்ன அணை. அங்க இருந்துதான் ஃப்ளூம் பாதை தொடங்குது. தொடங்குற இடத்துல பாறைக்கு ஊடே சைக்கிளைத் தூக்கி வைக்கணும்.

பொறவு, நான் பயந்துக்கிட்டே இருந்த அந்த 4.5 மைல். சொன்னா நம்புவீங்களோ என்னவோ, அங்கன எனக்குப் பயம் வரல. இடது பக்கம் டாகோ ஏரி அவ்வளவு பெருசா, கன்னியாகுமரியில கடல் பாக்குற மாதிரி. நான் பாக்கல. பத்து பன்னிரண்டு அடி தள்ளித் தடத்தைப் பாத்தேன். கொக்கு நினைப்பு வந்துக்கிட்டே இருந்தது. கால் மிதிக்க வேண்டிய அவசியமே பெருசா இல்ல, பாதை தண்ணி மாதிரி தானா இழுத்துக்கிட்டுப் போகுது. வளைவு எல்லாம் நம்ம சானல் வளைவு, மலை உள்ள போனா உள்ள போகும், வெளிய வந்தா வெளிய வரும். ஏரியைப் பாக்கணும்னு தோணினப்ப எல்லாம் நிறுத்தி, ரெண்டு காலையும் ஊணிட்டுத்தான் பாத்தேன். எதிர்ல நடந்து வந்தவங்களுக்கு மலைப்பக்கம் ஒதுங்கி நின்னேன். ஒரு வயசான அம்மா நின்னு என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க.

ஒரு வளைவுல மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச பலகைத் துண்டு கிடந்தது. சாம்பல் நிறம், நார் நாரா, துருப்பிடிச்ச சதுர ஆணி ஒண்ணு நீட்டிக்கிட்டு. குனிஞ்சு ஆணியை விரலால தொட்டேன். எடுக்கல, எடுக்கவும் கூடாது. மாப்பிள்ளை போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு எடுப்போம்னு சொன்னேன்.

விழுந்தது டனல் கிரீக் மணல்லதான், ரெனோ தம்பி சொன்ன அதே இடம். டயர் அமுங்கவே இல்ல, மேல மேல வழுக்கிட்டு. வேகம் இல்லாததால முட்டியோட போச்சு. நிறுத்தி அமுக்கிப் பாத்தா டயர் கல்லு மாதிரி. 40-க்கு மேல இருந்திருக்கும். ரெண்டு சக்கரத்துலயும் காத்தை இறக்கிட்டு மீதி ரெண்டு மைலும் சொத்தவிளை மாதிரியே ஓட்டி இறங்கினேன். வாடகை சைக்கிள்னா காத்து அமுக்கிப் பாக்காம ஏறாதீங்க, எழுதி வச்சுக்குங்க.

---

வடசேரி_சைக்கிள்கடை | அக்டோபர் 12, இரவு 10:08

டீச்சர், நான்தான் சொல்லியிருக்கணும், காத்தை அங்க போயும் பாருங்கன்னு. முட்டி எப்படி இருக்கு?

---

தக்கலை_டீச்சர் | அக்டோபர் 12, இரவு 10:20

ஆறிட்டு அண்ணே.

---

சானல்கரை | அக்டோபர் 13, காலை 5:55

படிச்சு முடிச்சுட்டு வயலுக்குக் கிளம்பினேன், கரையில போகும்போது ஒரு இடத்துல நின்னுட்டேன். உங்க அப்பா எந்த மடையில இருந்தாங்க?

---

தக்கலை_டீச்சர் | அக்டோபர் 13, இரவு 8:02

கடைசியா இருந்தது வேளிமலை அடிவாரத்துப் பக்கம். அந்த மடைக்குப் பக்கத்துல ஒரு புன்னை மரம் உண்டு, அதுலதான் சைக்கிளைச் சாய்ச்சு வைப்பாங்க.

வார ஞாயிறு மழை இல்லைன்னா அந்தக் கரையில புத்தன் அணைப் பக்கம் வரைக்கும் போகலாம்னு இருக்கேன். படித்துறை நேரம் கழிச்சு, ஒன்பது மணிக்கு. கூட என் ஆறாங்கிளாஸ் பொண்ணுங்க மூணு பேர், வீட்டுல எழுதி வாங்கியாச்சு. ரெண்டு பேருக்கு இப்பதான் பாலன்ஸ் வந்திருக்கு. யார் வாறா?

---

பூதப்பாண்டி_பொண்ணு | அக்டோபர் 13, இரவு 8:09

நான் வாறேன். சைக்கிள் இல்ல, கடைசியா ஓட்டினது பத்தாங்கிளாஸ்ல.

---

வடசேரி_சைக்கிள்கடை | அக்டோபர் 13, இரவு 8:31

கடையில ஒண்ணு சும்மா நிக்குது மக்கா. சனிக்கிழமை வந்து சீட்டு உயரம் பாத்துட்டு எடுத்துக்க.